அப்பாவின் புது எக்ஸ்எல் 100: முதல் சர்வீஸும் முதல் ஆயில் மாற்றமும்

அப்பா வாங்கிய டிவிஎஸ் எக்ஸ்எல் 100 ஹெவி டியூட்டிக்கு முதல் இலவச சர்வீஸ் முடிந்துவிட்டது. மீட்டரில் 600 கிலோமீட்டரை ஒட்டி இருந்தபோது பக்கத்து டவுனில் இருக்கும் சர்வீஸ் சென்டரில் விட்டோம். வேலை திருப்தி. பில் விஷயத்தில் மட்டும் கேட்காத இரண்டு வரியைச் சொல்லி எடுக்கவைக்க வேண்டியிருந்தது, அதையும் கீழே சொல்கிறேன். வண்டியைப் பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். முதல் சர்வீஸைப் பற்றித்தான் யாரும் எழுதக் காணோம். எங்கள் பக்கம் பாதிப் பேர் அதை ஓசியில் கிடைக்கும் வாட்டர் வாஷ் என்றே நினைக்கிறார்கள். புது வண்டியின் ஆயுளை நிர்ணயிக்கிற வேலை அதில்தான் நடக்கிறது: முதல் ஆயிலை இறக்குவது.

நாங்கள் நிலக்கோட்டைப் பக்கம் பூ விவசாயம். மல்லியும் கொஞ்சம் சம்பங்கியும் போட்டிருக்கிறோம். விடியுமுன் பறித்த பூவை மூட்டை கட்டி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவது அப்பாவின் வேலை. பல வருடமாக அவரிடம் இருந்தது பழைய டூ ஸ்ட்ரோக் எக்ஸ்எல் சூப்பர். எந்த மாடலாக இருந்தாலும் ஊரில் அதற்குப் பெயர் ‘டிவிஎஸ் ஃபிப்டி’தான். 1980-ல் வந்த முதல் வண்டியின் பெயர் அப்படியே நாக்கில் தங்கிவிட்டது.

சிக்கல் ஆரம்பிப்பதும் அங்கேதான். டூ ஸ்ட்ரோக் வண்டியில் இன்ஜினுக்கு என்று இறக்கி மாற்றும் ஆயில் கிடையாது. பங்க்கில் பெட்ரோல் போடும்போதே டூ-டி ஆயிலைக் கலந்து ஊற்றுவார்கள். அது பெட்ரோலோடு உள்ளே போய், பிஸ்டனை நனைத்து, எரிந்து, நீலப் புகையாக வெளியே போய்விடும். பெட்ரோல் போட்டாலே ஆயிலும் போட்டாச்சு. அந்தப் பழக்கத்தில் முப்பது, நாற்பது வருடம் வண்டி ஓட்டியவர்கள் இன்றைக்கு வாங்குவது நாலு ஸ்ட்ரோக் எக்ஸ்எல் 100. உருவம் கிட்டத்தட்ட அதேதான், மூட்டை வைக்கிற இடமும் அதேதான். ஆனால் இந்த இன்ஜினுக்குள் ஆயில் தனியாக நிற்கிறது. அதே ஆயில் திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறது, எரிந்து வெளியே போவதில்லை. அதனால் அதில் சேரும் அழுக்கும் வெளியே போக வழியில்லை, நாம் இறக்கினால்தான் உண்டு. எங்கள் தெருவிலேயே ஒருவர் நாலு ஸ்ட்ரோக் வண்டியை ஆயிலே மாற்றாமல் ஓட்டி, கடகடவென்று சத்தம் வந்த பிறகு இன்ஜினைப் பிரித்தார். சிலிண்டரைக் கடைந்து சரிசெய்யும் போர் வேலை, பிஸ்டன், ரிங் என்று ஆன செலவில் பல வருடத்துக்கு ஆயில் வாங்கியிருக்கலாம். அவர் கவனமில்லாதவர் என்று சொல்லமாட்டேன். வண்டி மாறியதை யாரும் அவருக்கு விளக்கவில்லை. ஷோரூமில் சாவியும் இனிப்பும் கொடுத்தார்கள், கையேட்டைப் பிரித்துக் காட்டவில்லை.

சரி, முதல் ஆயிலை எப்போது மாற்றுவது? எங்கள் வண்டிக்கு முதல் சர்வீஸ் 500 முதல் 750 கிலோமீட்டருக்குள். கூடவே ஒரு நாள் கணக்கும் உண்டு, இரண்டில் எது முன்னால் வருகிறதோ அது. தினமும் மார்க்கெட்டுக்குப் போகிற வண்டிக்குக் கிலோமீட்டர்தான் முதலில் வரும். வீட்டிலேயே நிற்கிற வண்டிக்கு நாள் கணக்கு முந்திக்கொள்ளும். ‘இன்னும் ஓடவே இல்லையே, எதற்குச் சர்வீஸ்’ என்று விட்டுவிட்டால் இலவச சர்வீஸ் கூப்பன் காலாவதியாகும், பிறகு வாரண்டி கேட்டுப் போகும்போது அதைக் காட்டியே திருப்பி அனுப்ப இடம் கொடுத்ததாகும்.

இந்தக் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஹீரோ ஸ்பிளெண்டருக்கும் 500 முதல் 750 வரைதான். ராயல் என்ஃபீல்டு 350 வண்டிகளுக்கு 500. ஹோண்டா ஆக்டிவாவுக்கு 750-ல் இருந்து 1,000 வரை. ஆகவே பக்கத்து வீட்டு ஆக்டிவாவைப் பார்த்து நம் எக்ஸ்எல்லுக்கு நாள் குறிக்கக் கூடாது.

ஏன் இவ்வளவு சீக்கிரம் என்பதை அப்பாவுக்குப் புரியவைக்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. ‘ஆயில் இன்னும் தேன் கலர்ல இருக்கு தாயி, கறுக்கட்டும்’ என்றார். கலரை வைத்து முதல் ஆயிலை எடைபோட முடியாது. புது சிலிண்டரின் உள்சுவர் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக இருக்காது. வேண்டுமென்றே மெல்லிய குறுக்குக் கோடுகளை அதில் இழைத்திருப்பார்கள், ஆயில் அந்தக் கோடுகளில் தங்குவதற்காக. முதல் சில நூறு கிலோமீட்டரில் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் அந்தக் கோடுகளின் முனைகளை உரசி மழுக்கி, சுவரோடு தன்னைப் பொருத்திக்கொள்கிறது. மெக்கானிக்குகள் ‘வண்டி செட் ஆகுது’ என்று சொல்வது இதைத்தான். அப்படி உரசி உதிர்கிற உலோகத் தூள் முழுக்க ஆயிலில்தான் விழுகிறது. பல் சக்கரங்கள், வால்வைத் திறக்கும் கேம், பேரிங் எல்லாம் புதிதாக உரசும்போது விடுகிற துகளும் அதில் சேரும். இன்ஜின் பாகங்களை ஒட்டும்போது பிதுங்கிய சீலன்ட் துணுக்குகூட இருக்கலாம். இவற்றில் பெரும்பங்கு முதல் சில நூறு கிலோமீட்டரிலேயே உதிர்ந்துவிடும், பிறகு வெகுவாகக் குறையும். எனவே அந்த முதல் ஆயிலின் வேலை, புது இன்ஜினைக் கழுவி அந்த அழுக்கோடு வெளியே வருவது. உள்ளேயே விட்டால் அதே தூள் திரும்பவும் ரிங்குக்கும் சுவருக்கும் நடுவில் போய் உப்புத்தாள் வேலை பார்க்கும்.

அப்படியானால் காரில் ஏன் 10,000 கிலோமீட்டர் வரை விடுகிறார்கள் என்று என் தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. மாருதி கார்களில் 1,000 கிலோமீட்டரில் ஒரு இலவச சர்வீஸ் உண்டு, ஆனால் அதில் பார்த்துச் சரிசெய்வதுதான், ஆயில் மாற்றுவது வழக்கமில்லை. 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடத்தில்தான் மாற்றுவார்கள். காரில் கியர்பாக்ஸுக்கு வேறு ஆயில், கிளட்ச் ஆயிலில் நனைவதே இல்லை, ஆயில் அளவும் மூன்று நான்கு லிட்டர், துகளைப் பிடிக்கக் காகித ஃபில்டர் இருக்கிறது. நம் சின்ன வண்டிகளில் ஒரு லிட்டருக்குள்ளான ஆயில்தான் எல்லாவற்றையும் கவனித்துக்கொள்கிறது. எக்ஸ்எல் 100-ல் கிளட்சும் அதே ஆயிலில் நனைந்தபடிதான் வேலை செய்கிறது. ஸ்பிளெண்டரில் கியர்கூட அதே ஆயிலில்தான், காகித ஃபில்டரும் கிடையாது, கம்பி வலையும் சுழன்று அழுக்கை ஒதுக்கும் ஃபில்டரும்தான். குறைந்த ஆயில், நிறைய வேலை, அதனால் சீக்கிரம் மாற்றம். கார் வைத்திருப்பவர் அறிவுரையை மொபெட்டுக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மறுபக்கம், 50 கிலோமீட்டரிலேயே ஆயிலை இறக்கிவிடு என்று சொல்கிறவர்களும் உண்டு. அதனால் இன்ஜின் கெட்டுவிடாது. ஆனால் உரசல் பாதியில் இருக்கும்போது இறக்கினால் மீதித் தூள் புது ஆயிலில் விழும், 500-ல் மறுபடியும் மாற்றத்தான் வேண்டும். எங்கள் குடும்பத்துக்கு அது வீண் செலவு. கையேட்டில் போட்டிருக்கிற இடைவெளியின் நடுவில் விடுவதுதான் என் கணக்கு, 600 என்று வைத்துக்கொண்டது அதனால்தான். 750 ஆகட்டும் என்று காத்திருந்தால் நடுவில் ஒரு கல்யாணம், ஒரு மழை வந்தால் தள்ளிப்போய்விடும்.

அந்த 600 கிலோமீட்டரை எப்படி ஓட்டினோம் என்பதும் இந்த விஷயத்தோடு சேர்ந்ததுதான். அப்பாவுக்கு வழக்கம் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டு மூட்டை. முதல் சர்வீஸ் வரைக்கும் ஒரே மூட்டைதான் என்று நான் பிடிவாதமாக நின்றேன். மீதி மூட்டை பக்கத்துத் தோட்டக்காரர் வண்டியில் போனது. ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கக் கூடாது, ஒரே வேகத்தில் நெடுக ஓட்டவும் கூடாது, ஏற்றி இறக்கி ஓட்டினால்தான் ரிங் சுவரோடு நன்றாகப் படியும். எங்கள் ஊர்ச் சாலையில் மாடும் பள்ளமும் அந்தக் கடைசி விஷயத்தைத் தாமே பார்த்துக்கொண்டன. வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு நிறுத்திவைத்து உறுமவிடும் பழக்கமும் அப்பாவுக்கு இருந்தது, பழைய டூ ஸ்ட்ரோக்குக்கு அது தேவைப்பட்டது. இது எரிபொருள் இன்ஜெக்‌ஷன் வண்டி, சில நொடி விட்டு மெதுவாகக் கிளப்பினால் போதும்.

இனி சர்வீஸ் சென்டர். பெயர் எழுதவில்லை. காலையில் கடை திறக்கும்போதே போய்விட்டோம். முதல் நல்ல விஷயம், வேலை நடக்கும் இடத்தில் நின்று பார்க்கலாமா என்று கேட்டதற்கு மறுக்கவில்லை. ‘கோட்டுக்கு இந்தப் பக்கம் நில்லுங்கக்கா, நல்லாப் பாருங்க’ என்றார் மெக்கானிக் தம்பி. சின்ன வயசுதான், ஆனால் கை பழகிய கை. வண்டியை ஒரு சின்ன ரவுண்டு ஓட்டி வந்து, சூடு இருக்கும்போதே பெரிய ஸ்டாண்டில் நிறுத்தி, அடியில் தட்டு வைத்து போல்ட்டைக் கழற்றினார். சூடான ஆயில் இளகி ஓடும், அடியில் படிந்ததையும் கூட்டிக்கொண்டு வரும். ஆறிப்போன இன்ஜினில் இறக்கினால் அழுக்கில் ஒரு பங்கு உள்ளேயே தங்கிவிடும். கடைசிச் சொட்டு நிற்கும் வரை பொறுமையாக விட்டார், அவசரப்படவில்லை. அந்த நேரத்தில் செயின் வேலையை ஆரம்பித்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அங்கேதான்.

வெளியே வந்த ஆயிலைத் தட்டோடு வெயிலில் சாய்த்துக் காட்டச் சொன்னேன். மேலே மெல்லிய வெள்ளி மினுமினுப்பு ஓடியது. அப்பா குனிந்து பார்த்தார், விரலில் தொட்டுத் தேய்த்தும் பார்த்தார். ‘இதெல்லாம் உள்ள இருந்ததா?’ என்றார். அதற்கு மேல் நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. புது வண்டி வாங்கும் ஒவ்வொருவரும் முதல் ஆயிலை ஒரு தடவை இப்படிப் பார்க்க வேண்டும். பயப்படவும் வேண்டாம், மினுமினுப்பு வருவது இயல்பு. விரலால் கிள்ளி எடுக்கிற அளவுக்குச் செதில் செதிலாக உலோகம் வந்தால்தான் அங்கேயே நிறுத்தி, ஜாப் கார்டில் எழுதவைத்து, காரணம் கேட்க வேண்டும்.

புது ஆயில் சீல் உடைக்காத பாட்டில். சில இடங்களில் பீப்பாயிலிருந்து அளந்து ஊற்றுவார்கள், அதுவும் நல்ல ஆயிலாகவே இருக்கலாம், ஆனால் என்ன தரம் என்று நாம் பார்க்க வழியில்லை. பாட்டிலில் இரண்டு விஷயம் பார்த்தேன். ஒன்று, 10டபிள்யூ-30 மாதிரி போட்டிருக்கும் எண். டபிள்யூ சேர்ந்த எண் குளிர்ந்த நிலையில் ஆயில் எவ்வளவு இளக்கமாக இருக்கும் என்பது, அடுத்த எண் சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பது. கையேட்டில் இருக்கும் எண்ணும் பாட்டில் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். வெயில் ஊர், கெட்டியான ஆயில் ஊற்றினால் நல்லது என்று கடைக்காரர் சொன்னாலும் மாற்றாதீர்கள். இரண்டு, ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற குறி. கிளட்ச் ஆயிலில் நனைகிற வண்டிகளுக்கான ஜப்பானியத் தரக்குறியீடு அது. கிளட்ச் தனியாக உலர்ந்து இருக்கிற ஆக்டிவா, ஜூபிடர் போன்ற ஸ்கூட்டர்களுக்கு எம்பி என்று வேறு குறி, அது உராய்வை இன்னும் குறைக்கிற ஆயில். அதை எக்ஸ்எல்லில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும், மூட்டையோடு மேடு ஏறும்போது இன்ஜின் கத்தும், வண்டி நகராது. விலை உயர்ந்த கார் ஆயிலை ஊற்றினாலும் இதே கதை நடக்கலாம்.

போல்ட்டுக்கு அடியில் இருக்கும் வாஷரைப் புதிதாகப் போட்டார். சின்னப் பொருள், சில ரூபாய்தான். பழையதையே போட்டு, கசிகிறது என்று போல்ட்டை முறுக்கி முறுக்கி அலுமினிய மரையைக் கெடுத்துவிடுவது நிறைய இடத்தில் நடக்கிறது. ஆயில் ஊற்றி, ஸ்டார்ட் செய்து, நிறுத்தி, சற்று விட்டு அளவு பார்த்தார். அதிகமாக ஊற்றுவதும் கெடுதல் என்பதை அவரே அப்பாவிடம் சொன்னார்.

ஆயிலுக்கு அப்புறம் நடந்த வேலைகளில் செயின் முக்கியம். புது செயின் முதல் சில நூறு கிலோமீட்டரில் சற்றே தளரும். அதை இறுக்கி, இரண்டு பக்கமும் சக்கரம் நேராக நிற்கிறதா பார்த்தார். ஸ்போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து இரண்டு மூன்றை இறுக்கினார். மூட்டை ஏற்றும் வண்டிக்கு இது கட்டாயம், கேட்டாவது செய்யவையுங்கள். வால்வுக்கான டேப்பட் இடைவெளி, பிரேக், நட்டு போல்ட் எல்லாம் பார்த்தார்கள். திரும்பும் வழியில் சத்தம் நன்றாகக் குறைந்திருந்தது. அதில் பாதிக்கு மேல் செயின் வேலையால் என்பது என் எண்ணம். ஆயில் மாற்றியதன் பலன் காதில் உடனே கேட்கிற விஷயம் அல்ல.

இப்போது பில். இலவச சர்வீஸ் என்றால் கூலி மட்டும்தான் இலவசம், ஆயிலுக்கும் வாஷருக்கும் நாம்தான் கொடுக்க வேண்டும். இது பெரும்பாலான கம்பெனிகளில் உள்ள நடைமுறை, அதைப் பார்த்துக் கோபப்பட வேண்டாம். எங்களுக்கு அது 400 ரூபாய்க்குள் அடங்கியது. ஆனால் முதலில் நீட்டிய எஸ்டிமேட்டில் நாங்கள் கேட்காத இரண்டு வரி இருந்தது: இன்ஜின் ஆயிலோடு கலக்கும் ஏதோ ஒரு மருந்து, பெயின்டுக்கு ஒரு பாலிஷ். இரண்டும் சேர்ந்தால் ஆயில் விலையைத் தாண்டும். கையேட்டில் அப்படி ஒன்றுமே இல்லை. எடுத்துவிடச் சொன்னேன், மறுபேச்சில்லாமல் எடுத்தார்கள். நான் படித்துப் பார்த்ததால் எடுத்தார்கள். அப்பா தனியாகப் போயிருந்தால் கட்டியிருப்பார். ஒரு நாள் பூ விற்ற காசில் வருகிறவரிடம் கேட்காமல் அப்படி எழுதுவது சரியில்லை என்று சூப்பர்வைசரிடம் நேராகவே சொன்னேன். புது ஆயிலில் எந்த மருந்தும் கலக்கத் தேவையில்லை. தேவையான சேர்மானம் எல்லாம் பாட்டிலிலேயே கலந்துதான் வருகிறது, மேலே கலப்பது கிளட்சுக்குக் கெடுதலாகவும் முடியலாம்.

பழைய ஆயிலைக் கேனில் கேட்டு வாங்கிப்போவது எங்கள் பக்கம் வழக்கம். மாட்டுக்கொட்டகைக் கம்புகளுக்குக் கரையான் பிடிக்காமல் பூசுவார்கள், சைக்கிள் செயினுக்கு விடுவார்கள். நாங்கள் வாங்கவில்லை. உலோகத் தூள் கலந்த ஆயிலைச் செயினில் விட்டால் செயின்தான் தேயும். மண்ணில் கொட்டினால் அந்த இடம் நெடுநாளைக்கு வீண், கிணற்றை ஒட்டிக் கொட்டினால் இன்னும் மோசம். சர்வீஸ் சென்டரில் அதைத் தனி டிரம்மில் சேர்த்து, மறுசுத்திகரிப்புக்கு எடுப்பவர்களிடம் கொடுக்கிறார்கள். வெளியில் மெக்கானிக்கிடம் மாற்றுபவர்கள் வாய்க்காலில் ஊற்றவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பூச்செடிக்கும் அதே தண்ணீர்தான்.

எனக்கு இந்த சர்வீஸ் சென்டர் மேல் நம்பிக்கை வந்திருக்கிறது. மெக்கானிக்குக்கு முழு மதிப்பெண், எஸ்டிமேட் எழுதும் மேஜைக்குப் பாதி. அடுத்த சர்வீஸுக்கும் அங்கேதான் விடுவோம். அதுவரை ஆயில் அளவைப் பார்க்கும் வேலை நம்முடையது. ரிங் முழுசாகப் படிகிற வரை புது இன்ஜின் கொஞ்சம் ஆயிலைக் குடிக்கலாம், அதுவும் மூட்டை ஏற்ற ஆரம்பித்த பிறகு. ஹீரோ வண்டிகளுக்கு 6,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றம் என்றாலும் நடுவில் 3,000-ல் பார்த்து நிரப்பச் சொல்கிறார்கள். சமதளத்தில் பெரிய ஸ்டாண்டு போட்டு, இன்ஜினை நிறுத்திச் சில நிமிடம் கழித்துப் பார்க்க வேண்டும். சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும் வண்டியில் பார்த்தால் அளவு தப்பாகக் காட்டும்.

போகிறவர்களுக்கு ஒன்றிரண்டு தகவல். சனிக்கிழமையும் முகூர்த்த நாளுக்கு முந்தின நாளும் கூட்டம் அள்ளும், நின்று பார்க்க இடம் கிடைக்காது. வார நடுவில் காலையிலேயே போனால் இரண்டு மணி நேரத்துக்குள் வண்டி கைக்கு வந்துவிடும். கூப்பன் புத்தகம், ஆர்சி நகல், கையேடு மூன்றையும் கொண்டுபோங்கள். பில்லில் கிலோமீட்டரும் தேதியும் ஆயிலின் தரமும் எழுதியிருக்கிறதா என்று அங்கேயே பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள், வாரண்டிக்கு நாளைக்கு அந்தத் தாளைத்தான் கேட்பார்கள்.